சக்கரத்தில் உரிந்த தோல்

அந்தச் சக்கரத்தின் மேல்பூச்சு என் கட்டைவிரல் நகத்தில் மாட்டி உரிந்து வந்த விதம் இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. வெயிலில் காய்ந்த முதுகில் தோல் உரியுமே, அதுபோல மெல்லிசாக, நிறமே இல்லாமல், ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள் பாய்ந்து, நீளமாக வந்தது. அதற்கு அடியில் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. புழு ஊர்ந்துபோன தடங்கள் மாதிரி கோடுகள். நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். பதனிட்ட தோலுக்கு நிறம் அடித்து, காயவைத்து, அதன்மேல் பளபளப்புக்காக லாக்கர் அடித்து அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. பூச்சு உரிவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சரியாக ஒட்டாத லாக்கர் ஒரு முழுத் தோலையே கழிவாக்கிவிடும். ஆனால் ஒரு காரின் சக்கரம் இப்படி உரிந்து நான் பார்த்ததில்லை. ஒரு மனிதனின் எலும்பு உடைவதற்கு இது போதுமான காரணமாக இருக்கும் என்றும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரில் ஓடிய கார்கள் எல்லாம் அம்பாசிடரும் பியட்டும்தான். அவற்றுக்கு இரும்புச் சக்கரம், நடுவில் ஒரு தகரத் தட்டு. எங்கள் முதலாளியின் மகன் வெளிநாட்டில் படிப்பை முடித்துத் திரும்பியபோது அவரோடு கப்பலில் ஒரு காரும் வந்தது. அதற்கு முழுக்க அலுமினியத்தில் வார்த்த சக்கரங்கள், விரிந்த பூ மாதிரி. அதன்மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சு. கார் வந்து நின்றால் ஜனங்கள் வண்டியைப் பார்க்க மாட்டார்கள், குனிந்து சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். மகனை நாங்கள் சின்ன முதலாளி என்போம். அவரை விட எனக்கு வயது அதிகம். ‘அவர்’ என்று எழுத இப்போது கை தயங்குகிறது. அன்று அப்படித்தான் சொன்னோம்.

அந்தக் காரை ஓட்டியவரைக் கம்பெனியில் எல்லோரும் டிரைவர் என்றே அழைத்தார்கள். நான் மட்டும் டிரைவரண்ணா என்பேன். நெமிலிப் பக்கத்து ஆள். நாற்பதைத் தாண்டியவர். அதற்கு முன் லாரி ஓட்டியவர், தோல் மூட்டைகளோடு பம்பாய் வரை போய் வந்தவர். லாரியை விட்டு இந்தக் காருக்கு வந்ததில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். சக்கரங்களை வேறு யாரும் தொட விடமாட்டார். பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, இதழ் இதழாகத் துடைப்பார். கோபக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் கம்பெனிக்குள் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதையோ பல்லுக்குள் வைத்து அடக்கிக்கொண்டிருப்பவர் மாதிரி தாடை எப்போதும் இறுகியே இருக்கும்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “சார், இங்க பாருங்க. இன்னா இது, கொப்புளம் மாதிரி கீது?” சக்கரத்தின் நட்டுகளைச் சுற்றிப் பூச்சு உப்பியிருந்தது. நான் நகத்தால் கீறினேன். நான் முதலில் சொன்னேனே, அந்தத் தோல் உரிந்து வந்தது. நான்கு சக்கரங்களிலும் இதே கதை. “சின்ன முதலாளிகிட்ட நீங்களே முதல்ல சொல்லிடுங்கண்ணா. அவரா பார்த்தா பேஜாரு” என்றேன். “சொல்லிட்றேன் சார். மறைக்க இதுல இன்னா கீது?” என்றார்.

அவர் சொன்னது மறுநாள் சாப்பாட்டு நேரத்தில். சங்கு ஊதி ஆட்கள் எல்லாம் கைகால் கழுவிக்கொண்டு முற்றத்தில் வேப்பமரத்தடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். சின்ன முதலாளி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நிமிரும்போதே டிரைவரின் கன்னத்தில் அறைந்தார். “ஆசிட் ஊத்திக் கழுவியிருக்கே. சோம்பேறி நாயே, துடைக்க வணங்காம ஆசிட் ஊத்தியிருக்கே” என்றார். டிரைவர், “இல்லைங்க, வெறும் தண்ணிதாங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் சின்ன முதலாளி தன் இடுப்பு பெல்ட்டை உருவிவிட்டார். எங்கள் கம்பெனித் தோலில் எங்கள் பிரிவிலேயே ஃபினிஷ் செய்த பெல்ட் அது. பக்கிள் இருந்த முனையைக் கையில் சுற்றிக்கொள்ளவில்லை. அந்த முனைதான் வெளியே இருந்தது. முதல் வீச்சில் டிரைவரின் புருவம் பிளந்தது. டிரைவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்தாரே தவிர, விலகவில்லை, ஓடவில்லை. கைகளிலும் தோளிலும் காதோரத்திலும் பக்கிள் விழுந்துகொண்டே இருந்தது. அடிப்பதில் சின்ன முதலாளிக்குக் கை வலிக்க ஆரம்பித்ததோ என்னவோ, பெல்ட்டை வீசிவிட்டு டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தார்.

அப்போதுதான் நான் நடுவில் போனேன். யோசித்துப் போனதில்லை. இரும்பைப் பார்த்ததும் கால் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். “சார், வேணாம் சார், செத்துடுவாரு” என்று கையைப் பிடித்தேன். அவர் இடது கையால் என் காதைச் சேர்த்து ஓர் அறை விட்டார். தலைக்குள் ஒரு தட்டு உடைந்ததுபோல் சத்தம். நான் காரின் மேல் சரிந்தேன். அடுத்து நான் பார்த்தது டிரைவர் தரையில் முட்டிபோட்டு இடது கையை ஊன்றியிருந்ததையும் அந்தக் கையின் மேல் ஸ்பேனர் இறங்கியதையும்தான். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. காது அடைத்துப் போயிருந்தது. கை மட்டும் கை இருக்கக்கூடாத வடிவத்தில் மடங்கியதைப் பார்த்தேன். நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். பெரிய முதலாளி ஆபீஸ் படியிறங்கி வந்து மகனின் தோளைத் தொட்டு, “போதும், உள்ளே போ” என்றார். பிறகு எங்களைப் பார்த்து, “சாப்பிட்டு வேலையைப் பாருங்க” என்றார். ஜனங்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். அதையும் நான் பார்த்தேன்.

என் மனைவி அப்போது வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கம்பெனி ஜீப்பில் டிரைவரை நான்தான் அங்கே கொண்டுபோனேன். புருவத்து ரத்தம் காய்ந்து கண்ணை ஒட்டிவிட்டிருந்தது. ஒற்றைக் கண்ணால் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார், ஓட்டுவது அவர்தான் என்பதுபோல. கை எலும்புகளைச் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். என் காதைப் பார்த்த டாக்டர் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். என் மனைவி இருவருக்கும் ஊசி போட்டாள். டிரைவர் அந்தப் பக்கம் போனதும் கேட்டாள்: “போலீசுல சொல்லப் போறீங்களா?” நான் கேட்டுப் பார்த்திருந்தேன். வேண்டாம் என்று டிரைவர் சொல்லிவிட்டார். “ஏன் வேணாம்?” என்றாள்.

பூச்சு உரிந்த காரணம் எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் கம்பெனியில் பச்சைத் தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கரைத்த தொட்டிகளில் ஊறவைப்பார்கள். அந்தக் கழிவுத் தண்ணீர் திறந்த வாய்க்காலில் கேட்டுக்குக் குறுக்கே ஓடி வெளியே போகும். அதன்மேல் போட்டிருந்த பலகை மழையில் உடைந்துபோனதிலிருந்து, கார் அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் உள்ளே வரும், வெளியே போகும். நான் ஒரு ஜாடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, கேன்டீனில் கிடந்த நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்றைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் டம்ளர் மேலெல்லாம் குமிழி கட்டியது. மாலைக்குள் கறுத்துப்போயிற்று. கல் தெறித்துச் சக்கரத்தில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் போதும், தண்ணீர் அதன் வழியே பூச்சுக்கு அடியில் போய் அலுமினியத்தைத் தின்னும், பூச்சு தானாகத் தூக்கிக்கொள்ளும். ஜாடியைப் பெரிய முதலாளியின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். அவர் கெட்டிக்காரர். நான் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதைக் கொட்டிட்டு ஜாடியைக் கழுவி வெச்சிரு. வாய்க்காலைப் பத்தி வெளியில பேச்சு வரக்கூடாது. அடுத்த மாசம் பையனுக்குக் கல்யாணம். வண்டி அந்தச் சக்கரத்தோட போக முடியாது. உன் செக்ஷன்லதான் ஸ்பிரே கன் இருக்கு, கம்ப்ரசர் இருக்கு. நீயே சரி பண்ணிக் குடு” என்றார். டிரைவர் மேல் தப்பில்லை என்று சின்ன முதலாளியிடம் சொல்வாரா என்று கேட்டேன். “அதெல்லாம் முடிஞ்சு போச்சு” என்றார்.

கட்டோடு டிரைவர் வேலைக்குத் திரும்பி வந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம். சிலர் கேலிகூடச் செய்தார்கள். நான் தனியாகக் கேட்டேன்: “லாரிக்கே போய்டலாமே அண்ணா. இன்னும் எதுக்கு இங்க?” அவர் சொன்னார்: “இப்ப போய்ட்டா நான்தான் ஆசிட் ஊத்துனேன்னு ஆயிடும் சார். ஆற்காட்லேர்ந்து ஆம்பூர் வரைக்கும் எல்லா டிரைவரும் அப்படித்தான் பேசுவான்.” ஜாடியில் நடந்ததை அவரிடம் சொன்னேன். “அப்ப பெரியவருக்குத் தெரியும்” என்றார். “தெரியும்.” சக்கர வேலையைத் தானும் கூட இருந்து செய்வேன் என்று மட்டும் சொன்னார்.

ஃபினிஷிங் பிரிவின் ஒரு மூலையை ஒழித்து, நான்கு சக்கரங்களையும் டயர் கழற்றி அங்கே கொண்டுவந்தோம். பெயிண்ட் ரிமூவர், கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு டப்பாக்கள் எல்லாம் மெட்ராஸிலிருந்து வந்தன. ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவினால் கொஞ்ச நேரத்தில் பழைய பூச்சு சுருங்கி, நெளிந்து, எழுந்து வரும். அதன் நெடியில் கண்ணும் மூக்கும் எரியும். தோலில் ஒரு சொட்டுப் பட்டாலும் தீக்கங்கு வைத்ததுபோல இருக்கும். டிரைவருக்கு ஒரு கைதான். சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் சுரண்டுவார். நான் கையுறை கொடுத்தேன். சுரண்டும் கத்தி வழுக்குகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். முன்கையில் ரிமூவர் தெறித்துச் சிவந்து வீங்கியது. “கழுவுங்கண்ணா” என்றால், “இது முடியட்டும்” என்பார். வெள்ளையாகப் பூத்திருந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரில் இருப்பது சக்கரம் அல்ல என்பதுபோலத் தேய்ப்பார். ஒரு தடவை பிரஷ்ஷின் கட்டை கையிலேயே உடைந்தது.

பிறகு தண்ணீர் ஊற்றி, வாட்டர் பேப்பரால் முதலில் சொரசொரப்பாகவும் அப்புறம் மெல்லிசாகவும் இழைத்தோம். அங்கங்கே அரித்த குழிகள் ஆழமாக இருந்தன. அவற்றைத் தேய்த்துச் சமன்படுத்துவது பெரிய வேலை. குழியின் விளிம்பில் கொஞ்சம் விட்டுவிட்டாலும் அங்கிருந்தே மறுபடி உரியும். கடைசியில் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, விரல் படாமல் தூக்கி, ஸ்பிரே அறையில் மாட்டினோம். கிளியரை முதலில் பனி மாதிரி லேசாக அடிக்க வேண்டும். அது பிசுபிசுப்பு மாறும்போது அடுத்த பூச்சு, ஈரமாக, முழுசாக. நான் அடித்தேன். மூன்றாவது சக்கரத்தில் கொஞ்சம் ஜாஸ்தியாகி, ஓரத்தில் வழிந்து சொட்டாக நின்றுவிட்டது. பரவாயில்லை, உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். டிரைவர் பார்த்துவிட்டார். “வேணாம் சார். கொற சொல்ல எடம் வெக்கக் கூடாது” என்றார். அதை மறுபடி இழைத்து, மறுபடி அடித்தோம். நான்கும் காய்ந்து வெளியே வந்தபோது பழைய பளபளப்பைவிடக் கொஞ்சம் கம்மிதான். ஆனால் தெரிந்தவன் பார்த்தால்தான் தெரியும்.

சக்கரங்களை வண்டியில் மாட்டியது கல்யாணத்துக்கு முந்தின நாள். டிரைவர் கையில் எடுத்தது அவர் கையை உடைத்த அதே ஸ்பேனர். அவர் ஒவ்வொரு நட்டாகக் கையால் ஏற்றிவிட்டு, அப்புறம் ஸ்பேனரை மாட்டி வலது காலால் மிதித்து இறுக்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் எதற்காகப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து, “நீங்களும் ஒரு தபா இழுத்துப் பாருங்க சார்” என்று ஸ்பேனரை நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். “இல்ல, பாருங்க. ஆஸ்பத்திரில படுத்துக்கினு நான் அதைத்தான் நெனைச்சேன். ஒரு சக்கரத்துல நட்டு லூசா கெடந்தா போதும். பெங்களூர் ரோட்டுல ஒரு வளைவுல முடிஞ்சிடும். யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.” அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அப்புறம் பின்னாடி சீட்ல ஒரு பொண்ணு உக்காரப் போவுதுன்னு நெனைச்சேன். அது இன்னா பண்ணுச்சு?” நான் ஸ்பேனரை வாங்கி எல்லா நட்டையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

கல்யாணம் நடந்தது. புதுப்பெண்ணை நாங்கள் சின்னம்மா என்றோம். வேலூரில் படித்த பெண், மெலிந்த உடம்பு, பெரிய கண்கள். கம்பெனிக்கு வரும்போதெல்லாம் காரை விட்டு இறங்காமலே எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். சில மாதங்களில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தாள். டிரைவர் என்னிடம் ஒரு தடவை சொன்னார்: “வண்டில கண்ணாடிய மேல திருப்பி வெச்சிட்டேன் சார். பின்னாடி பாக்க முடியல என்னால.” அவருடைய கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். இடது கை கோணலாகச் சேர்ந்திருந்தது. கியர் மாற்றும்போது விரல்கள் மூடாது. உள்ளங்கையால் தள்ளித்தான் மாற்றுவார்.

கோடை முடியும் சமயத்தில் ஒரு முற்பகலில், சின்ன முதலாளியையும் சின்னம்மாவையும் ஏற்றிக்கொண்டு கார் கேட்டுக்குள் நுழைந்தது. எதிரில் தோல் லாரி ஒன்று வந்ததால் டிரைவர் ஓரமாக ஒதுக்கினார். சக்கரம் சிமெண்டு விளிம்பில் உரசியது. நான் ஸ்பிரே அறை வாசலில் நின்றிருந்தேன். அந்தக் கீச்சொலி எனக்கே கேட்டது. கார் நின்றதும் டிரைவர் இறங்கி, துடைக்கத் துணி எடுக்க டிக்கியைத் திறந்தார்; சின்ன முதலாளி இறங்கி உரசிய இடத்தைப் பார்த்தார். பூச்சு கிழிந்து விரல் நீளத்துக்குக் கோடு. அவர் பெல்ட்டை உருவினார். முதல் அடி டிரைவரின் முதுகில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். சின்னம்மா கதவைத் திறந்து இறங்கி வந்தாள். “விடுங்க. லாரி வந்துச்சு, அவர் மேல தப்பில்ல. நான் பார்த்தேன்” என்றாள். அவர் திரும்பி, அத்தனை பேருக்கு முன்னால், புறங்கையால் அவள் வாயில் அடித்தார். அவள் காரில் மோதிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். உதடு கிழிந்து சேலையில் ரத்தம் சொட்டியது. அவர் மறுபடி பெல்ட்டை ஓங்கினார். இந்தத் தடவை யாரை அடிக்க என்று எனக்குத் தெரியவில்லை.

டிரைவர் அந்தப் பெல்ட்டைக் கோணல் கையால் பிடித்தார். மூடாத விரல்கள்தான், ஆனாலும் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தார். திறந்து கிடந்த டிக்கியிலிருந்து வலது கையால் ஜாக்கித் தண்டை எடுத்தார். முதல் அடி முழங்காலில். சின்ன முதலாளி ஒரு மாதிரி குரலில் கத்திக்கொண்டு சரிந்தார். இரண்டாவது அடி தடுக்க நீட்டிய முன்கையில். அதோடு விட்டிருக்கலாம். கீழே விழுந்து கிடந்தவரை, சுருண்டு கிடந்தவரை, அதே முழங்காலில் மறுபடி அடித்தார். அப்புறமும் அடித்தார். டிரைவரின் முகத்தை நான் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. கவனமாக ஒரு வேலை செய்கிறவனின் முகம் அது. நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இன்னும் ஓர் அடி அடித்தார். அப்புறம் தண்டு கையிலிருந்து நழுவியது. முதல் இரண்டு அடியும் நியாயம் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். அதற்குப் பின் நடந்ததை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் அவரைப் பார்க்க என்னை அனுமதிக்க இரண்டு நாள் ஆயிற்று. பாதங்கள் இரண்டும் வீங்கி, கால் எது செருப்பு எது என்று தெரியாத நிறத்தில் இருந்தன. நிற்க முடியாமல் சுவரோடு சாய்ந்திருந்தார். கோணல் கையைக் குறிவைத்து மிதித்திருந்தார்கள். “சின்னம்மா எப்டி கீது?” என்று கேட்டார். தையல் போட்டிருக்கிறார்கள், அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வழக்கு நடந்தபோது, அன்று முற்றத்தில் நின்ற ஒவ்வொருவரும் தான் அப்போது தொட்டியடியில் இருந்ததாகவும், தோல் உருட்டும் டிரம்முக்குள் தலையை விட்டிருந்ததாகவும் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுப்பெரிய வேண்டும். நான் டிரைவர் பக்கம் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் பார்த்ததைப் பார்த்தபடி கோர்ட்டில் சொன்னேன், கீழே விழுந்தபின் அடித்ததையும் சேர்த்து. டிரைவரின் வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை. டிரைவர் மட்டும் கூண்டிலிருந்து என்னைப் பார்த்து ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

அரசுத் தரப்பில் கடைசியாக அழைத்தது சின்னம்மாவை. கணவனைத் தாக்கியவனுக்கு எதிராகத்தானே பேசப்போகிறாள் என்று யாரும் கவலைப்படவில்லை. இவர் உங்கள் கணவரை அடித்தாரா என்று கேட்டதற்கு, அடித்தார் என்றாள். பிறகு டிரைவரின் வக்கீல் எழுந்து, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டார். ஊன்றுகோலோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கணவனை அவள் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்: “அவர்தான் முதல்ல அடிச்சாரு. டிரைவரை பெல்ட்டால அடிச்சாரு. தடுக்க வந்த என்னைக் கையால அடிச்சாரு.” கொஞ்சம் நிறுத்தி, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள்: “வீட்லயும் அதே பெல்ட்தான்.” ரவிக்கைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள். பக்கிளின் விளிம்பு பதிந்த தழும்புகள் வரிசையாக இருந்தன. பெரிய முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். டிரைவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அத்தனை அடியிலும் அழாதவர் அங்கே தோள் குலுங்க அழுதார். அந்தப் பெண்ணுக்காக அழுகிறார் என்று நான் நினைத்தேன்.

தண்டனை கொடுத்தார்கள், ஆனால் எல்லோரும் பயந்த அளவுக்கு இல்லை. சின்னம்மா புருஷன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள் என்று என் மனைவி சொன்னாள். சின்ன முதலாளிக்கு முழங்கால் மடங்காமலே நின்றுவிட்டது. அந்தக் காரை ஒருநாள் பஜாரில் பார்த்தேன். நாங்கள் அத்தனை பாடுபட்டு அடித்த கிளியர் நட்டுகளைச் சுற்றி மறுபடி உப்பி உரிந்திருந்தது. வாய்க்காலை அவர்கள் மூடவில்லை. கொஞ்ச காலத்தில் அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைக்க முடியாமல் போயிற்று.

எனக்கு ராணிப்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. டிரைவர் வெளியே வந்து வெகுநாள் கழித்து, அவரைத் தேடி நெமிலிக்குப் போனேன். ஒரு நெல் மில்லில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தார். பழையதைப் பேசக் கூடாது என்றுதான் போனேன். அவரே ஆரம்பித்தார்.

“நீங்க கோர்ட்ல சொன்னீங்களே, கீழ விழுந்தப்புறமும் அடிச்சாருன்னு. அது நெஜம் சார். எனக்கு அப்ப நல்லா இருந்துச்சு. ஒவ்வொரு அடியும் நல்லா இருந்துச்சு.”

“அவன் உங்களுக்குப் பண்ணதுக்கு அப்படித்தான் இருக்கும் அண்ணா” என்றேன்.

“அது இல்ல சார்.” தாடையைத் தடவிக்கொண்டார். “அந்த மாதிரி எனக்கு அதுக்கு முன்னயும் இருந்துருக்கு. வீட்ல. லாரி ஓட்டுன காலத்துலேர்ந்து. வெளியில எவன் என்னைத் திட்டுனாலும் இங்க வந்து பொண்டாட்டி மேல எறக்குவேன். இவளும் கீழ விழுந்தப்புறம்தான் நான் ஜாஸ்தியா அடிப்பேன். அந்தப் பொண்ணு கையைக் காட்டி வீட்லயும்னு சொல்லுச்சே, கோர்ட்டே அவனைத்தான் பாத்துச்சு. அது என்னைச் சொல்லுதுன்னுதான் எனக்குக் கேட்டுச்சு.”

உள்ளேயிருந்து அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. ஒடிசலான பெண்மணி, முன்பல் ஒன்று இல்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு, என்ன கேட்பது என்று தெரியாமல், “எப்படிம்மா இருக்கீங்க?” என்றேன்.

அவர் கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அது அன்பும் அல்ல, வெறுப்பும் அல்ல. அங்கே இருக்கும் ஒன்று அசையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் பார்வை.

“இப்ப பரவால்ல சார்” என்றார்.